வாடகை டெபாசிட்டுக்காகத் தீர்ப்புகளைத் தேடிய மூன்று வாரம்

சிங்கப்பூரில், ஈஷூனில் இரண்டு வருடம் குடியிருந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்தபோது, நாங்கள் கொடுத்திருந்த 5,600 வெள்ளி டெபாசிட்டில் 3,900 வெள்ளியை ஓனர் பிடித்துக்கொண்டார். பெயின்ட் அடிக்க 1,100. மீதி 2,800, ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டி: வீட்டில் எந்தச் சேதம் இருந்தாலும் ஒரு மாத வாடகை அவருக்கு. சேதம் என்று அவர் காட்டியது ஹால் தரையில் சோபாக் கால் இழுத்த ஒரு கீறல், என் உள்ளங்கை நீளம்கூட இருக்காது.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போக முடிவு செய்தோம். 5,000 வெள்ளி வரை கேட்டால் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், ஆனால் அங்கே வக்கீல் வைக்க முடியாது, நாமேதான் பேச வேண்டும். சரி, இதுபோன்ற வழக்குகளில் நீதிபதிகள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று ஈலிட்டிகேஷன் தளத்தில் உட்கார்ந்தேன். தீர்ப்புகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம்.

முதல் நாள் 'டெபாசிட்' என்று ஆங்கிலத்தில் அடித்ததும் வங்கி டெபாசிட், வீடு வாங்கக் கொடுத்த முன்பணம், கம்பெனிச் சண்டை என்று பக்கம் பக்கமாக வந்து கொட்டியது. ராத்திரி ஒரு மணி வரை படித்தும் ஒன்றும் உருப்படியாகக் கிடைக்கவில்லை. நாம் பேசுகிற வார்த்தையைத் தேடினால் கிடைக்காது, நீதிபதி எழுதுகிற வார்த்தையைத் தேட வேண்டும் என்பது இரண்டாம் நாள்தான் புரிந்தது. புழங்குவதால் இயல்பாக வரும் தேய்மானத்துக்கு அவர்கள் எழுதுவது 'ஃபேர் வேர் அண்ட் டேர்'. அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டதும் பட்டியல் சட்டென்று சுருங்கியது. அப்புறம் ஒவ்வொரு தீர்ப்பின் தலைப்புக்குக் கீழேயும் பொருள் சொற்கள் இருக்கும், 'லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட்' என்று தொடங்குவதை மட்டும் திறந்தால் பாதி வேலை மிச்சம்.

தீர்ப்பு எண்களில் வரும் எழுத்துகளையும் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். எஸ்ஜிஎம்சி என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், எஸ்ஜிடிசி மாவட்ட நீதிமன்றம், எஸ்ஜிஎச்சி உயர் நீதிமன்றம், எஸ்ஜிசிஏ மேல்முறையீட்டு நீதிமன்றம். மேல் நீதிமன்றம் சொன்னது கீழ் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும், அதனால் நான் மேல் நீதிமன்றத்திலிருந்துதான் பார்த்தேன்.

வருட ஃபில்டரில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் புதிய நீதிமன்ற விதிகள் வந்ததில் வழக்குத் தொடுப்பவரின் பெயரே மாறிவிட்டது. அதற்கு முன் 'பிளெயின்டிஃப்', அதற்குப் பின் தொடுத்த வழக்குகளில் 'கிளெய்மன்ட்'. பழைய சொல்லை மட்டும் போட்டுத் தேடியதால் அண்மைத் தீர்ப்புகள் பல எனக்கு ஒரு வாரம் கண்ணிலேயே படவில்லை. இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். ஒரு தீர்ப்பில் என் வழக்குக்கென்றே எழுதியதுபோல ஒரு பத்தி கிடைத்தது. சந்தோஷத்தில் அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டேன். என் கணவர் படித்துவிட்டு, "இது யார் சொன்னதுன்னு பார்த்தியா?" என்றார். மேலே போய்ப் பார்த்தால், அது குடியிருந்தவர் தரப்பு வாதம். எட்டுப் பத்தி தள்ளி நீதிபதி அதை ஏற்கவில்லை என்று எழுதியிருந்தார். தேடுபொறி சொல்லைத்தான் காட்டும், யார் வாயிலிருந்து வந்தது என்று காட்டாது. மஞ்சள் நிறத்தில் தெரியும் வரியோடு நிறுத்திவிடாதீர்கள்.

அந்த ஒரு மாத வாடகை வரிக்குத்தான் அதிக நாள் ஆனது. இணையத்தில் பொதுவாகத் தேடினால், அபராதமாகப் போட்ட நிபந்தனை பற்றி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னதுதான் முன்னால் வந்து நிற்கிறது. நீதிமன்றத்தை எஸ்ஜிசிஏ என்று சுருக்கிய பிறகுதான் 2020இன் டெங்கா எதிர் செராயா வழக்கு கிடைத்தது, எண் 119. நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 2015 வழியை ஏற்காமல், ஒப்பந்தம் போட்டபோதே நட்டத்தை நேர்மையாகக் கணித்துப் போட்ட தொகையா என்ற பழைய கேள்வியையே வைத்துக்கொண்டது. ஒரு கீறலுக்கும் 2,800, தரை முழுதும் பெயர்ந்தாலும் 2,800 என்றால் அது என்ன கணிப்பு?

நடுவர் மன்றம் ஸூமில் நடத்திய முதல் சந்திப்பில் நான் இதையெல்லாம் நீட்டி முழக்கவில்லை. ஒரே பக்கத்தில் மூன்று தீர்ப்பு, பத்தி எண்ணோடு. குடிவந்த அன்று எடுத்த படங்களையும் வைத்தேன், ஏனென்றால் படித்த தீர்ப்புகளில் திரும்பத் திரும்பக் கண்டது, குடிவந்தபோது வீடு எப்படி இருந்தது என்ற ஆதாரம் இல்லாமல் தோற்றவர்களைத்தான். பெயின்ட் செலவில் 500 வெள்ளியை நாங்கள் விட்டுக்கொடுத்தோம், மீதி 3,400 வெள்ளியைத் திருப்பித் தர ஓனர் அன்றே ஒப்புக்கொண்டார். பத்து நாளில் பணம் வந்துவிட்டது.