படத்துக்கும் படத்துக்கும் இடையில்

சொற்களே இல்லாத படக்கதை ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்த்துக் கதை எழுதச் சொன்னால், சிறு குழந்தைகள் பலர் முதலில் எழுதித் தருவது கதையன்று, பட்டியல். ‘ஒரு பையன் இருக்கிறான். ஒரு நாய் இருக்கிறது. பையன் ஓடுகிறான்’ என்று படத்துக்கு ஒரு வாக்கியமாக அது நகரும். இதைக் கண்டு சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. தொலைந்த தவளையைத் தேடிச் செல்லும் சிறுவனைப் பற்றி மெர்சர் மேயர் 1969-இல் வெளியிட்ட சொல்லற்ற படநூலைக் காட்டி, ஐந்து மொழிகளில் குழந்தைகளைக் கதை சொல்லவைத்த ஆய்வை ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் 1994-இல் நூலாக்கினர். மூன்று வயதினர் பெரும்பாலும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே விவரித்தார்கள். ஐந்து வயதினர் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளைக் கோக்கத் தொடங்கியிருந்தார்கள். தேடல் என்ற ஒரே இழையில் முழுக்கதையையும் கட்டும் திறம் ஒன்பது வயதளவில்தான் தெளிவாகத் தெரிந்தது.

பட்டியல் கதையாக மாறுவதற்கு நாம் கேட்கும் கேள்வி மாற வேண்டும் என்பதே என் எண்ணம். ‘இந்தப் படத்தில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டால் இருப்பதைத்தான் சொல்வார்கள். ‘இதற்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும்?’ என்று கேட்கும்போதுதான் படத்தில் இல்லாததை நினைக்கத் தொடங்குகிறார்கள். முதல் படத்தில் ஒரு சிறுமி குடையோடு வாசலில் நிற்கிறாள். இரண்டாவதில் குடை மட்டும் மரக்கிளையில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று பறித்துக்கொண்டது என்று ஒரு குழந்தை எழுதலாம். நனைந்த பறவைக் கூட்டுக்கு அவளே குடை பிடித்துவிட்டு வந்தாள் என்று இன்னொன்று எழுதலாம். தம்பியோடு போட்ட சண்டையில் குடை பறந்தது என்றும் வரலாம். இரண்டே படங்கள் என்றாலும் காரணம், நோக்கம், குணம் ஆகிய மூன்றையும் எழுதுபவர்தான் கொண்டுவந்தாக வேண்டும்.

ஆகவே, படத்தின் அடியில் உதவிச் சொற்களை அச்சிட்டுத் தரும் பயிற்சித்தாள்களில் எனக்கு உடன்பாடில்லை. அவை அந்த இடைவெளியை அடைத்துவிடுகின்றன. எழுதத் தயங்கும் குழந்தையை முதலில் வாயால் சொல்லவைத்து, அதன் பிறகு எழுதச் சொல்லலாம். கடைசிப் படத்தை மறைத்து வைப்பதும், மூலையில் படுத்திருக்கும் பூனையின் வாயிலாகக் கதையைச் சொல்லச் சொல்வதும் நன்றாகவே பலன் தருகின்றன. எழுத்துப்பிழைகளை இரண்டாம் படிக்குத் தள்ளிவிடலாம். இவற்றையெல்லாம்விடக் கடினமானது, நாம் பேசாமல் இருப்பது. (குழந்தை அரை நிமிடம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், பெரியவர்களுக்குத்தான் பொறுக்காது.)

வளர்ந்த பிள்ளைகள் சொல்லற்ற படநூல்களைச் சிறுபிள்ளைப் புத்தகம் என்று ஒதுக்கக்கூடும். அவர்களுக்கு ஷான் டான் 2006-இல் வெளியிட்ட ‘தி அரைவல்’ என்னும் சொல்லற்ற நூல் பொருந்தும். அயல்நாட்டில் குடியேறும் ஒருவரின் கதை அது. அந்நாட்டின் எழுத்துகள்கூடக் கற்பனையானவை என்பதால், பெயர்ப்பலகையைப் படிக்க முடியாமல் அவர் திகைக்கும்போது வாசகரும் திகைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் நிறுத்தி, அவர் வீட்டுக்கு எழுதும் முதல் கடிதத்தை எழுதச் சொல்லலாம்.