அக்டோபர் கணக்கில் இடித்த 38 மில்லிமீட்டர்

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் பத்து சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்து, செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அன்று ராத்திரி சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றி போன் பண்ணி "உங்க பக்கம் எவ்வளவு?" என்று கேட்க, நானும் "நல்ல மழை, நல்ல மழை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நல்ல மழை என்றால் எவ்வளவு? விமான நிலையத்தில் பெய்ததைச் சொல்ல ஆள் இருக்கிறது, தாலுகா ஆபீஸ் வளாகங்களில் மழைமானி இருக்கிறது. நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் எவ்வளவு பெய்தது என்று சொல்ல ஒரு ஈ காக்கை இல்லை. அந்த உறுத்தலில் ஆரம்பித்ததுதான் இந்த மழை நோட்டு.

முதலில் இணையத்தில் ஒரு மழைமானி வாங்கினேன். பளிங்கு மாதிரி இருந்த பிளாஸ்டிக் குழாய், பங்குனி சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நின்று மஞ்சளடித்து, கோடெல்லாம் அழிந்து, முதல் கோடை மழையைப் பார்ப்பதற்கு முன்பே அடியில் விரிசல் விட்டுவிட்டது. காசு போனது போனதுதான், நாமே செய்வோம் என்று பாத்திரக்கடையில் அகலமான புனல் ஒன்றும் ஒரு லிட்டர் பாட்டிலும் எடுத்து வந்தேன்.

கணக்கு சுலபம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். புனல் வாயின் பரப்பு தெரிந்துவிட்டால் விழுந்த தண்ணீரை அளந்து வகுக்க வேண்டியதுதான். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், விட்டம் 15 செ.மீ. அப்படியென்றால் 17.7 மி.லி. தண்ணீருக்கு ஒரு மி.மீ. மருந்துக்கடையில் 50 மி.லி. சிரிஞ்சு வாங்கி உறிஞ்சி உறிஞ்சி அளந்து எழுதினேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் புனலைக் கழுவும்போதுதான் உறைத்தது, நான் அளந்தது விளிம்பின் வெளிப்பக்கத்தை. மழை விழுவது உள்பக்கத்தில். உள்விட்டம் 14.4 தான், அதாவது 16.3 மி.லி.க்கு ஒரு மி.மீ. அரை சென்டிமீட்டர்தானே என்று விட முடியாது, பரப்புக்கு விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்குவதால் எழுதிய ஒவ்வொரு எண்ணும் எட்டு சதவீதம் போலக் குறைந்து கிடந்தது. நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் திருத்தினேன். வானிலைத் துறையின் மானிகளில் வாய்ப்பரப்பு 100 அல்லது 200 சதுர சென்டிமீட்டர் என்று முழு எண்ணாக இருக்கும். 100 என்றால் 10 மி.லி.க்கு ஒரு மி.மீ., மனக்கணக்கிலேயே முடிந்துவிடும். அதன் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது இடம். மொட்டை மாடிதான் திறந்தவெளி என்று நினைத்தது தப்பு. உயரம் கூடக் கூடக் காற்று கூடும், காற்று கூடினால் துளிகள் புனலுக்கு மேலேயே பறந்து போய்விடும். ஆடி மாதம் இங்கே மேல்காற்று வீசுகிற வீச்சில் கொடிக்கயிற்றில் துணியே நிற்காது, மழைத்துளி எங்கே நிற்கும்? முறைப்படி வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். மூன்று சென்ட் மனையில் இதற்கெல்லாம் எங்கே போவது? வாசலில் வைத்துப் பார்த்தேன், முருங்கை மரம் மழை விட்ட பிறகும் அரை மணி நேரம் சொட்டுப் போட்டுக் கணக்கைக் கெடுத்தது. கடைசியில் பக்கத்துக் காலி மனைக்காரரிடம் கேட்டு அங்கே செங்கல் அடுக்கிப் பதித்தேன். ஆடு மேய வரும், அது பரவாயில்லை. மயில் ஒன்று விளிம்பில் ஏறி உட்கார்ந்து புனலைச் சாய்த்துவிட்டுப் போன அன்றைக்கு "அளவு இல்லை" என்று எழுத வேண்டியதாயிற்று. சுற்றிக் கருவேல முள் வைத்த பிறகு தொல்லை இல்லை.

இப்போது தலைப்பில் உள்ள விஷயம். எனக்கு மழை நாள் என்றால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அல்லது இன்னும் சோம்பலாக, எப்போது பார்த்தேனோ அந்தத் தேதி. அக்டோபர் முழுக்க இப்படி எழுதிக் கூட்டிப் பார்த்தால் 242 மி.மீ. மதுரை மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வது 850-ஐ ஒட்டித்தான், அதில் பாதி போல வடகிழக்குப் பருவத்தில் வரும், அக்டோபர்தான் இருப்பதிலேயே ஈரமான மாதம். அக்டோபரின் இயல்பு இருநூறுக்குச் சற்றுக் குறைவு, என் கணக்குக்கு 185 என்று வைத்துக்கொண்டேன். 242 என்றால் 31 சதவீதம் கூடுதல். வானிலைத் துறை வகைப்படி இயல்பிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் "இயல்பு"தான். 20 முதல் 59 வரை கூடினால் "அதிகம்", 60-க்கு மேல் போனால் "மிக அதிகம்". குறைந்த பக்கமும் இதே படிக்கட்டுதான். ஆக எங்கள் தெருவில் அக்டோபர் மழை "அதிகம்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போட்டேன்.

அப்புறம்தான் பள்ளியில் புவியியல் எடுக்கிற நண்பர் ஒருவர் கேட்டார், "காலை எட்டரைக்கா அளக்குறீங்க?" என்று. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நாடு முழுக்க மழை நாள் என்பது முந்தின நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை. தேதி போடுவது முடிகிற நாளுக்கு. 31-ஆம் தேதி சாயங்காலம் இடி இடித்து எங்கள் தெருவில் 38 மி.மீ. பெய்ததே, அது அக்டோபர் மழை இல்லை, நவம்பர் 1-ஆம் தேதி மழை! செப்டம்பர் 30 சாயங்காலம் ஏதாவது பெய்திருந்தால் அது இந்தப் பக்கம் வந்து ஈடு கட்டியிருக்கும், அன்றைக்குச் சொட்டுக்கூட இல்லை. 242-இல் 38 போக 204. பத்து சதவீதம் கூடுதல். "அதிகம்" என்று போட்டது ஒரே நிமிடத்தில் "இயல்பு" ஆகிவிட்டது. மதுரையில் பாதிக்கு மேற்பட்ட மழை மாலையிலும் முன்னிரவிலும்தான் பெய்கிறது (என் நோட்டுப்படி, ஊர் முழுக்கச் சொல்லவில்லை), ஆகவே காலையில் அளப்பவனுக்கும் ராத்திரி அளப்பவனுக்கும் தேதி எப்போதும் ஒட்டாது. இப்போது 8.30-க்கு அலாரம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கிறது என்று வீட்டில் முணுமுணுப்பு.

சரி, இயல்பு என்று போய் ஒட்டிவிட்டதே, நிம்மதி என்று இருந்தேன். தீபாவளி முடிந்து பேரையூர்ப் பக்கம் மாமா வீட்டுக்குப் போனபோது அதுவும் கலைந்தது. அவருக்கு மூன்று ஏக்கர் கரிசல், மானாவாரி, மக்காச்சோளம் போட்டிருந்தார். நான் நோட்டை விரித்து, மாவட்டத்துக்கே இயல்பான மழை என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"மாப்ள, ஒங்க கணக்குல மழை சரியாத்தான் இருக்கும். இங்க நடுவுல பதினேழு நாளு பயிரு வாடிக் கெடந்துச்சு, அது எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"

எழுதவில்லை. நோட்டைத் திருப்பிப் பார்த்தால் எங்கள் தெருவிலும் அதே கதைதான். 204-இல் ஒரே ராத்திரி மழை 96. அன்றைக்குத்தான் ஒரு லிட்டர் பாட்டில் வழிந்தது, வழிந்ததைப் பிடிக்கத் தற்செயலாக அடியில் வாளி வைத்திருந்ததால் பிழைத்தேன் (ஒரு லிட்டர் 61 மி.மீ.க்கே நிறைந்துவிடும், இப்போது இரண்டு லிட்டர் பாட்டில்). வேறு இரண்டு மாலைகளில் 41, 33. மிச்சம் 34 மி.மீ. ஆறு நாட்களில் சிதறிப் பெய்தது, அதிலும் இரண்டு நாள் வெறும் தூறல். 2.5 மி.மீ. பெய்தால்தான் "மழை நாள்" என்று சேர்ப்பார்கள், அந்தக் கணக்கில் மாதம் முழுக்க ஏழே மழை நாள். 96 மி.மீ. பெய்த ராத்திரியில் பாதித் தண்ணீர் மண்ணில் இறங்க நேரமில்லாமல் ஓடையோடு போயிருக்கும். ஒரு ஏக்கரில் 20 மி.மீ. மழை என்றால் எண்பதாயிரம் லிட்டர், பெரிய தண்ணீர் லாரி ஆறேழு வந்து கொட்டியது போல. அது நான்கு தவணையாக வந்தால் பயிருக்கு உயிர், ஒரே ஊற்றாக ஊற்றினால் வரப்பு உடைப்பு. மாத மொத்தத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

மாமா மழையை மில்லிமீட்டரில் பேச மாட்டார். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார், "ஒரு உழவு மழை" அல்லது "உழவுக்குப் பத்தாது" என்பார். பஞ்சாங்கத்தில் இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருப்பதைப் பார்த்து நான் சிரித்தால் கோபம் வரும். உழவுக் கணக்கில் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது, மரக்கால் கணக்கில் இன்னும் இல்லை.

இந்த இயல்பு என்கிற எண்ணே கொஞ்சம் ஏமாற்றுப் பேர்வழி. உலக அளவில் 30 ஆண்டுச் சராசரியை இயல்பு என்பார்கள், நம் வானிலைத் துறை மழைக்கு 1971 முதல் 2020 வரை 50 ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஆனால் சராசரிக்குள் எல்லாக் கூத்தும் கலந்திருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அது மாதிரி ஒரு நாள் உள்ளே விழுந்தால் அந்த ஊரின் டிசம்பர் சராசரியை அது ஒன்றே பல காலம் தூக்கிப் பிடிக்கும். அதற்குப் பிறகு வருகிற சாதாரண டிசம்பர்கள் எல்லாம் "குறைவு" என்று தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே இயல்பே சொற்பம், மாசியில் ஒரு மாலை 25 மி.மீ. பெய்துவிட்டால் சதவீதம் எகிறும், வானிலைத் துறையின் மழைப் படத்தில் மாவட்டம் நீலமாகிவிடும், கண்மாயில் ஒரு அங்குலம் ஏறியிருக்காது. ஜூன், ஜூலையும் அப்படித்தான். கேரளத்தில் தென்மேற்கு கொட்டும்போது நாம் மலைக்கு இந்தப் பக்கம் காய்ந்த காற்றை வாங்கிக்கொண்டு நிற்கிறோம், அப்போது கொஞ்சம் குறைந்தாலும் "குறைவு" என்று சிவப்படிப்பதில் பெரிய பொருள் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில்தான் வெயில் தகித்த நாளின் சாயங்காலம் கிழக்கேயிருந்து வருகிற கடல் ஈரம் மேல்காற்றோடு மோதி இடிமழையாகிறது. அந்த மழை யானைமலைக்கு அந்தப் பக்கம் பெய்து ஒத்தக்கடை நனைந்து, மாட்டுத்தாவணி காய்ந்து கிடக்கும்.

நடுவில் வெப்பநிலையும் எழுதலாம் என்று ஒரு தெர்மாமீட்டர் வாங்கிச் சுவரில் மாட்டினேன். சிமென்ட் சுவர் சூட்டைச் சேர்த்து 44, 45 என்று காட்டியது. அதற்கு வெள்ளையடித்த காற்றோட்டமான மரப்பெட்டி வேண்டும். விட்டுவிட்டேன்.

இப்போது நோட்டில் மொத்தத்தோடு இன்னும் மூன்று பத்திகள்: மழை நாட்கள் எத்தனை, ஒரே நாளின் அதிகபட்சம் எவ்வளவு, மழை இல்லாமல் தொடர்ந்து போன நாட்கள் எத்தனை. கடைசிப் பத்திக்கு "மாமா பத்தி" என்று பெயர். சதவீதத்தையும் எழுதத்தான் செய்கிறேன், ஆனால் ஓரத்தில்.

போன வாரம் இன்னொரு புனல், உள்விட்டத்தை மூன்று தடவை அளந்து, பாட்டிலில் மில்லிமீட்டர்க் கோடு நானே கிழித்து மாமா காட்டில் பதித்துவிட்டு வந்தேன். நேற்றுக் காலை எட்டரைக்குச் சரியாகப் போன். "மாப்ள, பதினோரு கோடு நிக்கிது. உழவுக்குப் பத்தாது." காலி மனைக்குப் போய்ப் பார்த்தேன். என் பாட்டிலில் இரண்டு எறும்பு, ஒரு முருங்கை இலை.