கரடிய வச்சு பொழைக்கற ஊரு

ருமேனியா போயிட்டு வந்தேன்னு சொன்னா எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், டிராகுலா கோட்டை பாத்தியா? பாத்தேன்ங்க. பிரான் கோட்டை, செம கூட்டம், ரத்தக்கலர் டீசர்ட் கடைங்க, அவ்ளோதான். ஆனா அதுக்குப் பக்கத்துலயே ஸர்னெஷ்ட்னு ஒரு சின்ன ஊர் இருக்கு, அங்க மூணு நாள் தங்கினதுதான் இன்னும் மனசுல நிக்குது.

புக்காரெஸ்ட்ல ரயிலேறி பிரஷோவ், அங்கருந்து ஒரு லோக்கல் ரயில். (இந்த பிரஷோவுக்கு 1950லேர்ந்து 1960 வரைக்கும் ஸ்டாலின் நகரம்னு பேரு!) ஸர்னெஷ்ட்ல எறங்கினா எதிர்க்க பியாட்ரா கிராயுலுய் மலை, வெள்ளச் சுண்ணாம்புக்கல்லு, செவுரு வச்ச மாதிரி.

தங்கின வீட்டுக்காரருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். இங்க பென்சியுனேன்னு சொல்றாங்க, நம்ம ஊர் ஹோம்ஸ்டே மாதிரி. ஷெட்ல ஒரு பழைய சிவப்பு சைக்கிள் நின்னுச்சு, ஹேண்டில்ல துரு, பெடல் மட்டும் புதுசு. பெகாஸ்ங்கற பிராண்டு. கம்யூனிஸ்ட் காலத்துல ருமேனியாவுல பாதிப் பசங்க இதுலதான் ஓட்டக் கத்துக்கிட்டிருப்பாங்க போல, அது தயாரானதே இந்த ஊர் ஃபேக்டரிலதான், ஆயுதமும் அங்கயேதான் செஞ்சாங்க. இவரும் அங்க வேலை பாத்தவர். 1989ல ஆட்சி கவுந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஃபேக்டரி படுத்துச்சு, வேலை போச்சு. (பெகாஸ்ங்கற பேர மட்டும் 2011ல புக்காரெஸ்ட்ல ஒருத்தர் எடுத்து திரும்ப சைக்கிள் விக்க ஆரம்பிச்சாரு. இவர்கிட்ட அதச் சொன்னா சிரிக்கிறாரு, அது வேற சைக்கிளாம்.)

அப்பறம் ஊர் எப்படி பொழைச்சுது? ஓநாயாலயும் கரடியாலயும். 1993ல இந்த மலைல ஓநாய் ஆராய்ச்சின்னு ஒரு குழு வந்துச்சு, பத்து வருஷம் இருந்தாங்க, அவங்களப் பாக்க வெளிநாட்டுக்காரங்க வர, வந்தவங்களுக்கு ரூம் வேணும், சாப்பாடு வேணும், காட்டுல கூட்டிட்டுப் போக ஆள் வேணும். லேத்து ஓட்டினவரு ரூம் வாடகைக்கு விட்டாரு, அவர் மனைவி மமலிகா கிண்டி போட்டாங்க. (மக்காச்சோளக் களிதான், நம்ம கேழ்வரகுக் களிக்கு தூரத்துச் சொந்தம். மேல சீஸ் போட்டுத் தர்றாங்க, ரெண்டு தட்டு சாப்ட்டேன்.)

ஆனா இதே கால கட்டத்துல காட்டுக்கு நடந்தது வேற கதை. அரசாங்கம் புடுங்கி வச்சிருந்த காட்டை பழைய சொந்தக்காரங்களுக்கே திருப்பிக் குடுத்தாங்க, 1991 சட்டத்துல ஆளுக்கு 1 ஹெக்டேர் வரைக்கும், 2000ல 10 ஹெக்டேர் வரைக்கும், 2005ல மொத்தமும். நியாயம்தான். ஆனா கைல காசு இல்லாதவன் மரத்த வச்சுக்கிட்டு என்ன செய்வான், வித்துட்டான், மலை மொட்டையாச்சு. இதப் பாத்துட்டுத்தான் அந்த ஓநாய்க் குழுவ நடத்தின புரோம்பர்கரும் அவர் மனைவியும் சேர்ந்து 2009ல ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சு, நன்கொடைக் காச வச்சு ஃபகராஷ் மலைப்பக்கம் காட்ட விலைக்கே வாங்கினாங்க, வெட்டறதுக்கு இல்ல, வெட்டாம விடறதுக்கு. வெட்டின எடத்துல திரும்ப நடறாங்க, 2020ல காட்டெருமையக்கூட கொண்டாந்து விட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு இதுல அரை மனசுதான், "எங்க மலைய வெளியாளு எதுக்கு வாங்கணும்?"னாரு. எனக்கும் அந்த எடம் உறுத்துச்சு, ஆனா இன்னொரு வழி என்னன்னு யோசிச்சா எதுவும் தோணல.

ரெண்டாம் நாள் காலைல கரடி சரணாலயம். 69 ஹெக்டேர், ஓட்டல் வாசல்ல, பெட்ரோல் பங்குல கூண்டுல கெடந்த கரடிங்கள மீட்டு இங்க விட்டிருக்காங்க. பிரான் கோட்டை பக்கத்துல மாயான்னு ஒரு கரடி கூண்டுலயே கெடந்து 2002ல செத்துப்போச்சாம், அதுக்கப்பறம்தான் இந்த எடமே வந்துச்சு. ஒரு கரடி அவ்ளோ பெரிய எடத்துல, கூண்டு நீளத்துக்கு மட்டும் நாலடி முன்ன, நாலடி பின்னன்னு நடந்துட்டே இருந்துச்சு. பாக்க முடியல, நகந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி ஃபோன் திடீர்னு சைரன் மாதிரி அலறுது. ஏதோ போர்தான் வந்துருச்சுன்னு எந்திரிச்சு உக்காந்துட்டேன். மெசேஜ் முழுக்க ருமேனிய மொழி, புரிஞ்ச ஒரே வார்த்தை "உர்ஸ்", அதாவது கரடி. ஊருக்குள்ள கரடி நடமாட்டம், வெளிய வராதீங்கன்னு அரசாங்கமே அனுப்பற அலர்ட். கதவத் தெறந்து பாத்தா வீட்டுக்காரர் வெள்ள பனியனோட ஹால்ல நிக்கிறாரு, டார்ச்ச ஆட்டி, குப்பைத் தொட்டிய உள்ள இழுத்து வச்சிட்டேன், போய்ப் படுன்னு சைகை காட்டறாரு. கரடியாலதான் சோறு, கரடியாலதான் தூக்கம் போறதும்.

கெளம்பற அன்னிக்கு மூணு நாள் தண்ணி பாட்டில தூக்கிக்கிட்டு சூப்பர் மார்க்கெட் போனேன். 2023 நவம்பர் கடைசிலேர்ந்து அங்க ஒவ்வொரு பாட்டிலுக்கும் கேனுக்கும் 50 பானி, அதாவது அரை லெய் (லெய்தான் அங்கத்த பணம்), சேத்து வாங்கறாங்க, காலிய மெஷின்ல போட்டா காசு திரும்பும். பைல எடம் வேணும்னு நான் எல்லாத்தையும் நசுக்கி வச்சிருந்தேன், மெஷின் ஒண்ணொண்ணா வெளிய துப்புது, லேபிள் பார்கோட படிக்க முடியலயாம். பின்னாடி லைன்ல நின்ன பாட்டி ஒருத்தங்க வாங்கி, வாய வச்சு ஊதி, பழைய ஷேப்புக்குக் கொண்டாந்து குடுத்தாங்க. ஏழுல அஞ்சு தேறுச்சு. ரெண்டரை லெய் சீட்டு வந்துச்சு, மீதி ரெண்ட பாட்டி அவங்க பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க, வீட்ல போய் ஊதிப் பாப்பாங்களோ என்னவோ.