முனுசாமியின் தாள் ஓவியங்கள்: சேகரிப்பு இதுவரை

சென்னை ஓவியக் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் இருந்த எல். முனுசாமியின் (1927–2020) பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் என் வசதிக்கு எட்டாதவை. ஆகவே அவர் தாளில் வரைந்த சிறிய படைப்புகளை மட்டும் தேடிச் சேர்த்து வருகிறேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைச் சுற்றி உருவான சென்னைக் குழுவில் பலர் கோட்டையும் குறியீட்டையும் பற்றிக்கொண்டபோது, இவர் மனித உருவத்தை வேகமான தூரிகை வீச்சில் கரைத்து, உடல் எங்கே முடிகிறது, வண்ணம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத இடம்வரை கொண்டுபோனார். முழு அரூபத்தைவிட இந்த இடைநிலையே கடினமானது என்பது என் எண்ணம்.

பெரிய பெயர்களைச் சேகரிப்பவர்களுக்குப் போலி ஓவியங்கள் அச்சம் தரும். அதிகம் அறியப்படாத ஓவியரைச் சேகரிப்பவருக்கோ ஆள்மாறாட்டமே சிக்கல். ஆசிரியரின் பாணியில் மாணவர்கள் செய்து பார்த்த பயிற்சித் தாள்கள் பழைய பொருள் விற்பவர்களிடம் ஆசிரியர் பெயரிலேயே வந்து சேர்கின்றன. அவற்றைத் தயாரித்தவருக்கு ஏமாற்றும் எண்ணமே இருந்திருக்காது. எனவே நான் இப்போது படத்தின் பின்புறத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். கண்காட்சிச் சீட்டு, படச்சட்டக் கடையின் முத்திரை, வாங்கியவர் பென்சிலில் எழுதிய குறிப்பு ஆகியவற்றில் ஏதேனும் கிடைத்தால், நீள அகலங்களை அளந்து, பழைய காட்சிப் பட்டியல்களில் தரப்பட்டுள்ள அளவுகளுடன் ஒப்பிடுகிறேன். கையொப்பம் பெரும்பாலும் எந்தப் பக்கம் மேல் என்று சொல்லத்தான் எனக்கு உதவுகிறது.

பாதுகாப்பில் பெரிய முன்னேற்றம் பழைய படச்சட்டங்களைப் பிரித்ததுதான். பின்னால் வைத்திருந்த சாதாரண அட்டையின் அமிலம் தாளின் ஓரங்களைப் பழுப்பாக்கியிருந்தது. ஒரு படத்தில் ராமபாணப் பூச்சியும் மேய்ந்திருந்தது. இப்போது அமிலமற்ற மவுண்ட் அட்டையில், மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கொண்டு மேல் விளிம்பில் மட்டும் படத்தைப் பிடிப்பிக்கிறேன். கடலோர ஈரத்தில் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இரண்டுக்கும் நடுவே இடைவெளி அவசியம். மழைநீர் படும் வெளிச்சுவரில் எதையும் மாட்டுவதில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கோப்பு உண்டு. முன், பின் ஒளிப்படங்கள், ரசீது, விற்றவர் சொன்ன கதை எல்லாம் அதில் இருக்கின்றன. கதையைக் கதை என்றே குறித்திருக்கிறேன். சீட்டும் ஒப்பமும் இல்லாத ஒரு மைச் சித்திரத்தின் கோப்பில் மட்டும் "முனுசாமியுடையதாகக் கருதப்படுவது" என்று எழுதி வைத்துள்ளேன். அவரிடம் படித்தவர்கள் யாரேனும் அதை அடையாளம் காணும்வரை அந்தச் சொல் மாறாது.