ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கு ஃபோன் செய்வது?

எடையைக் குறைக்க வெளிநாடு போய் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த ஏழு மாதத்தில் நடந்ததை எழுதுகிறேன். இதே யோசனையில் யாராவது தூக்கமில்லாமல் படுத்திருந்தால் அவர்களுக்கு உதவட்டும்.

என் உயரம் 158 செ.மீ. அப்போது எடை 104 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு அதிகம் என்று காட்டும் பி.எம்.ஐ. 41-ஐத் தாண்டியிருந்தது. ஆறு வருடமாகச் சர்க்கரை. தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்பதால் இரவில் மூக்கு வழியே காற்றை அழுத்தித் தருகிற சிபாப் மெஷினை மாட்டிக்கொண்டுதான் படுப்பேன். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி மூன்று முறை பத்துப் பதினைந்து கிலோ குறைத்திருக்கிறேன். மூன்று முறையும் கூடுதலாகவே திரும்பி வந்தது. பசியைக் குறைக்கிற செமாக்ளுடைட் ஊசியும் போட்டுப் பார்த்தேன். பலருக்கு அது நன்றாகக் கேட்கிறது. எனக்குக் குமட்டலும் வாந்தியும் தாங்கவில்லை. நிறுத்தினேன், குறைந்த ஒன்பது கிலோவும் சில மாதங்களில் ஏறிவிட்டது.

ஆபரேஷன் எனக்குத் தேவையா என்பதில் குழப்பம் அதிக நாள் இருக்கவில்லை. 1991-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் சர்க்கரை போன்ற நோய். 2022-ல் சர்வதேச மருத்துவச் சங்கங்கள் அதை, வேறு நோய் இல்லாவிட்டாலும் 35 போதும் என்று ஆக்கின. ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றன. எந்தக் கணக்கிலும் நான் உள்ளே இருந்தேன். 'வாயைக் கட்டினால் போதாதா' என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் சொல்ல எனக்கு வார்த்தை கிடைத்தது ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான். ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 2007-ல் வந்த முடிவு, செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்றது. அதைப் படித்த அன்று அழுதேன். இது சோம்பேறியின் குறுக்குவழி இல்லை, வைத்தியம்தான் என்று யாரோ என் பக்கம் நின்று சொன்னதுபோல் இருந்தது.

எங்கே செய்துகொள்வது என்பதுதான் பிரச்சினை. நான் இருக்கும் இடத்தில் காத்திருப்போர் பட்டியல் இரண்டு வருடத்துக்கு நீண்டிருந்தது. தனியாரில் செய்யக் கைக்கு எட்டாத செலவு, காப்பீடும் கிடையாது. வெளிநாட்டில் அதில் பாதிக்கும் குறைவு. அப்படித்தான் ஓர் ஏஜென்சியின் படிவத்தை நிரப்பினேன்.

உயரம், எடை, வயது, மாத்திரைகள், இரண்டு போட்டோ. கேட்டது அவ்வளவுதான். சிபாப் மெஷினைப் பற்றி எழுத அதில் இடமே இல்லை. மயக்க மருந்து கொடுக்கப்போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. மறுநாளே பதில் வந்தது: 'நீங்கள் ஸ்லீவ் ஆபரேஷனுக்குத் தகுதியானவர், இந்த மூன்று தேதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.' ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒல்லியான குழாய்போல ஆக்குவது. வெட்டியதைத் திரும்பப் பொருத்த முடியாது. அப்பேர்ப்பட்ட முடிவை ஒரு நாளில் எடுத்துக் கொடுத்தார்கள், நானும் சந்தோஷமாக அட்வான்ஸ் கட்டினேன். யாரோ ஒருவர் என்னை 'சரி' என்று சொல்லிவிட்ட நிம்மதி அது. அந்த நிம்மதிக்கு எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

கிளம்புவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்காக எங்கள் குடும்ப டாக்டரைப் பார்த்தேன். திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நெஞ்செரிச்சல் உண்டாம்மா?"

எட்டு வருடமாக உண்டு. தினம் மாத்திரை போடுகிறேன். கேமரா வைத்த குழாயை வாய் வழியே இறக்கிப் பார்க்கிற எண்டோஸ்கோப்பிக்கு உடனே எழுதிக் கொடுத்தார். இரைப்பையின் மேல் பகுதி உதரவிதானத்தின் துளை வழியே மார்புக்குள் ஏறியிருந்தது, உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருந்தது. ஸ்லீவ் செய்தால் அந்தக் குறுகலான குழாய்க்குள் அழுத்தம் கூடும், அமிலம் மேலே வருவது மோசமாகலாம், சிலருக்கு அதனாலேயே இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படுகிறது என்று விளக்கினார். என்னைப் போன்றவர்களுக்குப் பைபாஸ்தான் பொருத்தம். அதில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மி.லி. பிடிக்கிற சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். பதிலுக்கு வாழ்நாள் முழுவதும் இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி. முழங்கால் வலிக்கு நான் போட்டுக்கொண்டிருந்த இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகளை அதற்குப் பிறகு தொடக் கூடாது, இணைப்பு இடத்தில் புண் வரும்.

இதை ஏஜென்சியின் கோஆர்டினேட்டருக்கு எழுதினேன். நான்கு நிமிடத்தில் பதில்: 'பைபாஸும் செய்கிறோம், அதே தேதி, கூடுதல் தொகை இவ்வளவு.' எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ஆபரேஷனை மாற்ற அவர்களுக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது. முதல் முறையாகப் பயந்தது அப்போதுதான்.

துணைக்கு வருவதாக இருந்தவன் என் தம்பி. அன்று ராத்திரி பயணத் திட்டத்தை அவனிடம் காட்டினேன். திங்கள் இறங்குகிறோம், செவ்வாய் ஆபரேஷன், வியாழன் டிஸ்சார்ஜ், சனிக்கிழமை ஃப்ளைட். அவன் விரல் விட்டு எண்ணினான்.

"நாலாம் நாளே ஃப்ளைட்டா அக்கா?"

வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது 10 நாள் விமானம் ஏற வேண்டாம் என்பது அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி. பயணிகளுக்குச் சொல்லும் ஆலோசனை. பெரிய உடம்பு, புது ஆபரேஷன், மணிக்கணக்கில் அசையாத இருக்கை, இவை சேர்ந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அதைவிட எனக்கு உறைத்தது கசிவு. வெட்டி ஸ்டேபிள் போட்ட கோட்டிலோ இணைப்பிலோ கசிந்தால் அது டிஸ்சார்ஜ் ஆன பிறகும் தெரியவரலாம். சில சமயம் முதல் அடையாளம் நாடித்துடிப்பு காரணமில்லாமல் 120-ஐத் தாண்டுவது மட்டும்தான். அப்புறம் காய்ச்சல், மூச்சு வாங்குதல், இடது தோளில் வலி. திட்டப்படி அந்த நாட்களில் நான் ஹோட்டல் அறையில் இருப்பேன், இல்லாவிட்டால் வானத்தில் இருப்பேன்.

தம்பி காகிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டான். "சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு உனக்கு வயிறு வலிச்சா யாருக்கு ஃபோன் பண்ணுவ?"

'24 மணி நேர உதவி' என்று ஓர் எண் இருந்தது. "இப்பவே போட்டுப் பாரு" என்றான். அவர்கள் ஊரில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி ஆகும்வரை விழித்திருந்து போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை போட்டேன். மறுநாள் நடுப்பகலில் ஒரு செய்தி வந்தது, பணம் கட்டுவதில் ஏதாவது சிக்கலா என்று கேட்டு.

ரத்து செய்தேன். அட்வான்ஸ் திரும்பவில்லை. அந்தப் பணம் இப்போதும் வலிக்கிறது. ஆனால் கட்டிய பணத்துக்காகவே கிளம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள்.

வெளிநாடே வேண்டாம் என்று அப்போது முடிவு செய்யவில்லை. வேறொரு நாட்டில் வேறொரு மருத்துவமனைக்கு எழுதினேன். அங்கே கோஆர்டினேட்டர் தேதி தரவில்லை, சர்ஜனோடு வீடியோ அழைப்புக்கு நேரம் தந்தார். சர்ஜன் நாற்பது நிமிடம் பேசினார், அதில் பாதி அவர் கேட்ட கேள்விகள். எண்டோஸ்கோப்பிப் படங்களை அனுப்பச் சொன்னார். சிபாப் மெஷினைக் கையோடு எடுத்து வரச் சொன்னார். நான் கேட்கத் தயங்கியதைத் தம்பி பக்கத்திலிருந்து கேட்டான்: வருடத்துக்கு எத்தனை பைபாஸ் செய்கிறீர்கள், கத்தியைப் பிடிக்கப்போவது நீங்களேதானா, ராத்திரியில் சி.டி. ஸ்கேனும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அதே கட்டடத்தில் உண்டா, போன வருடம் எத்தனை பேருக்குக் கசிந்தது?

கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்சம்கூட முகம் சுளிக்கவில்லை. இரண்டு பேர் என்றார். ஒருவருக்குத் திரும்ப ஆபரேஷன், இன்னொருவருக்குக் குழாய் வைத்து வடித்தது, இருவரும் எத்தனை நாள் தங்கினார்கள் என்பதுவரை சொன்னார். 'எங்களிடம் சிக்கலே வராது' என்கிற மருத்துவமனையைவிட, வந்ததை எண்ணி வைத்திருக்கிற மருத்துவமனையை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

கிருமித் தொற்றையும் கேட்டேன். அதற்குக் காரணம் உண்டு. 2019 ஜனவரியில் சி.டி.சி. ஓர் எச்சரிக்கை விட்டது. மெக்சிகோவின் டிஹுவானாவில் ஆபரேஷன் செய்துகொண்டு அமெரிக்கா திரும்பிய சிலருக்கு, வலுவான ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அடங்காத சூடோமோனாஸ் கிருமி தொற்றியிருந்தது, அவர்களில் பெரும்பாலோர் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்காகப் போனவர்கள். இந்த மாதிரிக் கிருமி எந்த நாட்டு மருத்துவமனையிலும் இருக்கலாம். ஊர் திரும்பிய பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் 'வெளிநாட்டில் படுத்திருந்தேன்' என்று முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதை அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

அந்த சர்ஜன் இரண்டு நிபந்தனை போட்டார். ஆபரேஷனுக்குப் பின் 14 நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு என்னைப் பார்த்துக்கொள்வதாக ஒரு டாக்டர் எழுதித் தர வேண்டும். அது வராமல் தேதி கிடையாது.

இந்தக் கடிதம்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். மூன்று டாக்டர்கள் மறுத்துவிட்டார்கள். ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "வேறொருத்தர் உள்ளே என்ன செஞ்சிருக்கார்னு தெரியாம நான் எப்படிம்மா கை வைக்கறது?" அன்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான்காவதாகப் பார்த்த குடல்நோய் நிபுணரிடம் அந்த நியாயத்தையே திருப்பிக் கேட்டேன்: "உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் பார்ப்பீர்களா?" அவர் ஒரு தாளை எடுத்து எழுதித் தந்தார். ஆபரேஷன் குறிப்பு முழுமையாக வேண்டும், அதில் பையின் அளவு, மாற்றி இணைத்த குடலின் இரண்டு கிளைகளின் நீளம், இணைப்பின் அகலம், கசிவுப் பரிசோதனையின் முடிவு எல்லாம் இருக்க வேண்டும், இரண்டு டாக்டர்களும் ஒரு முறை ஃபோனில் பேச வேண்டும். பேசினார்கள். அன்றைக்குத்தான் 'போகிறேன்' என்று வீட்டில் சொன்னேன்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணப் பயணக் காப்பீடு, திட்டமிட்டுச் செய்துகொள்ளும் ஆபரேஷனையும் அதனால் வரும் சிக்கலையும் பொதுவாக ஏற்பதில்லை. சிக்கல்களுக்கென்று தனியாக ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. அதையும் தங்கும் செலவையும் கூட்டினால் 'பாதிக்கும் குறைவு' என்ற கணக்கு மாறிவிட்டது. அப்போதும் குறைவுதான், ஆனால் முதலில் நினைத்த அளவு இல்லை.

பயணத்தில் சொல்ல அதிகம் இல்லை. கிளம்பும் முன் இரண்டு வாரம் கல்லீரல் சுருங்குவதற்கான கலோரி குறைந்த உணவு. கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பையின் மேல் கவிழ்ந்து கிடந்தால் சர்ஜனுக்கு வேலை செய்ய இடம் இருக்காதாம். ஆபரேஷன் அன்று மாலையே நடக்க வைத்தார்கள். இரண்டாம் வார முடிவில் இறுக்கக் காலுறை போட்டுக்கொண்டு, ஓர இருக்கையில் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் எழுந்து நடந்து திரும்பினேன்.

ஆறாவது வாரம் வாந்தி தொடங்கியது. முதல் நாள் கெட்டியானது எதுவும் இறங்கவில்லை, மூன்றாம் நாள் தண்ணீரும் இறங்கவில்லை. நான்காம் நாள் ராத்திரி கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். அந்த மருத்துவமனை எண்ணைப் போட்டேன். இரண்டாவது மணியில் நர்ஸ் எடுத்தார். பெயர், ஆபரேஷன் தேதி, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்டார். "உடனே பக்கத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் போடச் சொல்லுங்கள், இந்தப் பேப்பரைக் காட்டுங்கள்" என்று ஒரு பக்கக் குறிப்பை ஃபோனுக்கு அனுப்பினார். நாள்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்திருக்கும், அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலைத்தான் முதலில் மாட்டினார். தம்பி ஃபோனை நீட்டினான். அவர் படித்தார், ஒரு நிமிடம் எங்கேயோ பேசினார், பாட்டிலை இறக்கிவிட்டு முதலில் தயமின் போட்டார்.

காலையில் எங்கள் குடல்நோய் நிபுணர் ஆபரேஷன் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டே எண்டோஸ்கோப்பி செய்தார். பையும் குடலும் சேருகிற இணைப்பு, தழும்பு சுருங்கிப் பென்சில் முனை அளவுக்கு வந்திருந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் இரண்டு மூன்று மாதங்களில் இப்படி வருவதுண்டாம். முதலில் எவ்வளவு அகலம் வைத்தார்கள் என்று குறிப்பில் இருந்ததால் எதுவரை விரிக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது. பலூனை உள்ளே விட்டு விரித்தார். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. முதல் முறை விரித்த அன்று மாலை அரை டம்ளர் தண்ணீரை அரை மணி நேரம் வைத்துக் குடித்தேன். இறங்கியது.

ஆபரேஷன் முடிந்து பதினொரு மாதம் ஆகிறது. எடை 71 கிலோ. சர்க்கரை மாத்திரையில் ஒன்று மட்டும் மிச்சம். நடுவில் முடி கொட்டியது, இப்போது முளைக்கிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு வருடங்கள் கழித்தும் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளலாம் என்பதால், அந்த ஆபரேஷன் குறிப்பின் நகல் ஒன்று என் கைப்பையில் இருக்கிறது. இன்னொன்று தம்பியின் ஃபோனில்.