கழுவிய உப்பு எங்கே போகும்?

கேரளா என்றதும் ஓயாத மழையை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துக் கரிசலைப் பார்த்தால் திகைத்துப்போவார்கள். பாலக்காட்டின் இந்தக் கிழக்கு ஓரத்தில் மழை குறைவு. தமிழகத்தோடு செய்துகொண்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். வாய்க்கால் எட்டாத காட்டுக்கு போர் தண்ணீர்தான்.

அங்கே மண், தண்ணீர் பரிசோதனைதான் என் வேலை. மீட்டரில் தண்ணீரின் இ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன்) 1.5 என்று வந்தால் பெரும்பாலும் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ஆனால் அது லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டினால் ஒரு லட்சம் லிட்டர். நூறு கிலோ உப்பு, இரண்டு மூட்டை, நாமே கொண்டுபோய்க் கொட்டுகிறோம். தண்ணீரைப் பயிரும் வெயிலும் குடித்துவிடும். உப்பு அங்கேயே கிடக்கும்.

நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வடிகால் வெட்டி வெளியேற்றுங்கள் என்பது வழக்கமான சிபாரிசு. ஒரு விவசாயி கேட்டார்: "வெட்டறனுங்க சார். எங்க கொண்டுபோய் விடறது? கீழ்க்காடு எங்க சித்தப்பாவுதுங்களே."

போய்ப் பார்த்தேன். மேலே தென்னை, இந்த அளவு உப்புக்கெல்லாம் அது அசராது. கீழே மிளகாய், இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. வரப்பின் கசிவில் வெள்ளையாக உப்புப் பூத்து, செருப்புக்கடியில் நறநறத்தது.

ஜிப்சம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது களருக்கு, அதாவது சோடியம் ஏறிய மண்ணுக்கு, மருந்து. அதிலுள்ள கால்சியம், மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விடுவிக்கும், அவ்வளவுதான். விடுபட்ட சோடியத்தைத் தண்ணீர்தான் கொண்டுபோக வேண்டும். மறுபடி சித்தப்பா காடு!

அதனால் முதலில் உப்பின் வரத்தைக் குறைக்கப் பார்த்தோம். பாத்தி கட்டிப் பாய்ச்சுவதை விட்டு சொட்டுநீர். பண்ணைக்குட்டை மழைத்தண்ணீரைப் போர் தண்ணீரோடு கலப்பது. சொட்டுநீரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஈரவட்டத்தின் விளிம்பில் உப்பு ஒதுங்கி நிற்கும். முதல் மழை லேசாகப் பெய்தால் அது வேருக்கே திரும்பி வரும். அந்த நேரத்தில் சொட்டுநீரை நிறுத்தக் கூடாது. மழையில் மோட்டார் போடச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அப்புறமும் மிஞ்சுகிற உப்புக்கு வடிகால்தான். வரப்போரமாகவே வெட்டி, மிளகாய்க்குள் போகாமல் நேரே ஓடையில் விட்டார்கள். மழைக்காலத்தில் ஓடை நிறைந்து ஓடும்போது மட்டும் மடையைத் திறப்பது, கோடையில் அடைத்துவைப்பது என்று பேச்சு முடிந்தது. மடைப்பலகை தன் வீட்டில்தான் இருக்கும் என்று சித்தப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.