வயது நிரலில் ஒரு சிறு கோடு

புறக்கோட்டையிலுள்ள ஒரு மொத்த வியாபார நிலையத்தின் வலையமைப்பை நான் பகுதிநேரமாகக் கவனித்து வருகிறேன். சென்ற போயா விடுமுறையன்று அங்கிருந்த பழைய கணக்கு சேர்வரை அகற்றி, அதன் ஐபி முகவரியையே புதியதற்கும் கொடுத்து, மூன்றாம் மாடியில் அருகிலிருந்த கணினியில் சோதித்துவிட்டு, எல்லாம் சரியென்ற நிம்மதியோடு வீடு திரும்பினேன். மறுநாள் காலை கணக்காளர் தொலைபேசியில் அழைத்தார்: "தம்பி, மேல வேலை செய்யுது, கீழ ஒரு கவுண்டரிலயும் பில் வருதில்லை."

மேல்மாடிக் கணினிகளும் சேர்வரும் ஒரே விலானில், அதாவது வலையமைப்பைத் தனித்தனியாகப் பிரித்த பகுதிகளுள் ஒன்றில், இருந்தன. கீழ்த்தளம் வேறு விலானில் இருந்தது. ஒரே விலானில் உள்ள கணினிகள் சேர்வரின் மேக் முகவரியை (வலையமைப்பு வன்பொருளுக்குரிய முகவரியை) தாமே கேட்டு அறிந்துகொள்ளும். வேறு விலானிலிருந்து வருவதையோ, விலான்களை இணைக்கும் லேயர் 3 சிஸ்கோ சுவிட்ச்தான், எந்த ஐபிக்கு எந்த மேக் என்று குறித்துவைக்கும் தனது ஏஆர்பி அட்டவணையைப் பார்த்து அனுப்பும். ஆகவே அங்கிருந்தே தொடங்கினேன்.

'ஷோ ஐபி ஏஆர்பி' என்ற கட்டளையுடன் சேர்வரின் முகவரியைக் கொடுத்தபோது, பழைய இயந்திரத்தின் மேக் முகவரியே வந்தது. ஆனால் 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்' புதிய இயந்திரத்தின் மேக் முகவரியைச் சரியான போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) காட்டியது. இவ்விரு அட்டவணைகளையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புவோர் பலர்: முதலாவது ஐபி முகவரியை மேக் முகவரியோடு இணைப்பது, இரண்டாவது மேக் முகவரியைப் போர்ட்டோடு இணைப்பது. சிஸ்கோவின் இயல்பான அமைப்பில் முன்னதில் ஒரு பதிவு 14,400 விநாடிகளும், அதாவது நான்கு மணி நேரமும், பின்னதில் 300 விநாடிகளும் நிலைக்கும். அந்த நான்கு மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டதே என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

'கிளியர் ஐபி ஏஆர்பி' மூலம் அந்த ஒரு பதிவை மட்டும் அழித்துப் பார்த்தேன். பதிவு அப்படியே இருந்தது. வேலை நேரத்தில் முழு அட்டவணையையும் அழிப்பது எனக்கு உவப்பானதல்ல, ஏனெனில் சுவிட்ச் ஒவ்வொரு கருவியையும் மீண்டும் விசாரிக்கத் தொடங்கும். எனினும் அட்டவணையை ஒரு கோப்பில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, 'கிளியர் ஏஆர்பி-கேஷ்' கொடுத்தேன். அதற்கும் அது அசையவில்லை.

பிறகுதான் ஏஆர்பி அட்டவணையில், பதிவு வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும் வயது நிரலைக் கவனித்தேன். மற்றப் பதிவுகளுக்கு நிமிடக் கணக்கு இருக்க, இதற்கு மட்டும் ஒரு சிறு கோடு இருந்தது. சுவிட்ச்சின் சொந்த முகவரிகளுக்கும் கையால் எழுதப்பட்ட நிலையான பதிவுகளுக்குமே அக்கோடு வரும். அழிக்கும் கட்டளைகள் தானாகக் கற்றுக்கொண்டவற்றை மட்டுமே நீக்கும். சுவிட்ச்சில் இப்போது இயங்கும் அமைப்பைக் காட்டும் 'ஷோ ரன்னிங்-கொன்ஃபிக்'கில் தேடியபோது, எனக்கு முன்னர் அங்கு பணிபுரிந்த எவரோ, முகவரித் திருட்டைத் தடுக்கவோ என்னவோ, எழுதிவைத்த ஒற்றை வரி அகப்பட்டது.

அவ்வரியை 'நோ' சேர்த்து நீக்கிய கையோடு, சேர்வர் பதிலளிக்கிறதா என்று சுவிட்ச்சிலிருந்தே பிங் செய்தேன். முதலில் ஒரு புள்ளி (பதில் இல்லை), அதன்பின் நான்கு வியப்புக்குறிகள் (பதில் வந்தது): மேக் முகவரியைக் கேட்டு அறியும் இடைவெளியில் முதல் பொதி வீணாவது வழக்கம். அட்டவணையில் புதிய மேக் முகவரி வயது பூச்சியத்துடன் வந்திருந்தது. கீழே பில் அச்சாகத் தொடங்கியதும், மின்சாரம் போய் வந்தால் பழைய வரி மீண்டும் உயிர்பெற்றுவிடும் என்பதால், மாற்றத்தை நிலையாகச் சேமிக்கும் 'ரைட் மெமரி' கொடுத்துவிட்டே வெளியேறினேன்.